சோளக்கட்டைச் சுங்கானுக்கு ஒரு குழல்

ஏனுங் தம்பி, அந்தச் சன்னலோரம் நா உக்காந்துக்கட்டுங்களா? பஸ்ஸு ஓட ஆரம்பிச்சா எனக்கு வவுத்தைப் பொரட்டுமுங். நல்லா இருப்பீங், சித்த நகருங். கோயமுத்தூருங்களா? நானும் அவத்தைக்குத்தானுங். உடுமலையில ஏறினப்பவே பாத்தேன், இந்தப் பையன் மொகம் பரவால்ல, மேல சாஞ்சு தூங்க மாட்டான்னு.

என்னங், கையில இருக்கறதையே பாக்கறீங்? நா குடிக்கறதில்லீங், பயப்படாதீங். இது என்ற ஊட்டுக்காரரோட சுங்கான், புகையிலையை அடைச்சு இழுக்கறது. காதுல மாட்டியிருக்கற அந்த ஒயரைக் கழட்டினீங்கன்னா சொல்றேன். கழட்டுங், பாட்டு எங்கியும் ஓடிப் போயிராது.

இது என்ன கட்டை, சொல்லுங் பாக்கலாம்? மரமா? இல்லீங். மக்காச்சோளக் கட்டை. கருதை மெசின்ல போட்டு முத்தை உதுத்துட்டு, மிச்சத்தை அடுப்புக்குத் தள்ளறமில்லீங், அதேதான். எங்க தோட்டத்துல ஒவ்வொரு போகத்துக்கும் களத்து மேட்டுல மலையாட்டக் குமியும், எருமை கூட மோந்து பாக்காது. அமெரிக்காக்காரன் அதைக் கொடைஞ்சு, தேச்சு, ஒரு மரக்காம்பைச் சொருகிக் கடையில அடுக்கி வெச்சு விக்கறானுங். எங்கூட்டுக்காரரு அங்க மகன் ஊட்டுக்குப் போனப்ப இதைப் பாத்துட்டுச் சிரியா சிரிச்சாராம். "நம்மூட்டு அடுப்புல எரியறது இவனுக வாயில எரியுது பாருடா நவநீதா"ன்னு. மகன் போன்ல சொன்னான். எனக்கு அந்தச் சோளக்கட்டை ஒண்ணும் அதிசயமாத் தெரியலீங். அந்த மனுசன் சிரிச்சாருங்கறதுதான் அதிசயம். ஊருல அவரு சிரிச்சு ஏகப்பட்ட நாளாயிருந்துச்சு.

எதனாலயா? அது வேற கதைங். அதுக்கும் சுங்கானுக்கும் சம்பந்தமில்லை.

இதுல ரெண்டே பாகமுங். காம்போட இருக்கற, புகையிலை போடற கட்டை ஒண்ணு, வாயில வெக்கற குழல் ஒண்ணு. கட்டை ஒண்ணும் வம்பு பண்ணாது, உள்ள கருகக் கருகத்தான் ருசியாகுமாம். வம்பெல்லாம் குழல்ல. வாங்கறப்ப கூடவே வர்றது பிளாஸ்டிக்குக் குழல். அச்சுல வார்த்த கோடு ரெண்டு பக்கமும் அப்படியே தெரியும், நாக்குல நெருடும். பல்லு அழுத்துனாத் தாங்காது. அதை வாயில கடிச்சுக்கிட்டே ஏரோப்ளேன்ல இருந்து எறங்கி வந்தாருங், வந்ததோட சரி. அதுக்கப்பறம் அந்த வாயிலிருந்து ஒரு முழு வார்த்தை வரலை.

"ஏனுங், சோறு போடட்டுங்களா?" "ம்." "ஏனுங், மோட்டாரு ஓடலியாட்ட இருக்குதே?" "ம்ம்." குழலை எடுத்தாத்தான பேச முடியும். எடுக்க மாட்டாரே. எருமை கட்டற கட்டுத்தரையோரம் கயித்துக் கட்டலைப் போட்டு, ரோட்டைப் பாத்து உக்காந்துக்குவாரு. பல நாளு அதுல நெருப்பே இருக்காதுங். வெறுங்கட்டையைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பொழுது எறங்குனா எந்திரிச்சு, கட்டுத்தரைச் சொவத்துல டொக், டொக்னு தட்டிச் சாம்பலைக் கொட்டுவாரு. நெருப்பு வெக்காத அன்னைக்கும் தட்டுவாருங். கொட்டறதுக்கு ஒண்ணுமே இருக்காது.

கடிச்சுக் கடிச்சு, குழல்ல பல்லுப் பதிஞ்சு, அடிப்பக்கம் ஓட்டையே உழுந்துருச்சு. ஊருக்குள்ள பேசுனாங்க, மனுசன் மனசுல எதையோ வெச்சு மெல்லறாருன்னு. ஊரு வாய்க்கு என்னங், மூடியா இருக்குது? ஒண்ணுமில்லீங். பிளாஸ்டிக்கு மட்டம். அவ்வளவுதான்.

அந்த வேற கதை என்னன்னு கேக்கறீங்களா? விட மாட்டீங்களாட்ட இருக்குதே. எனக்கு ரெண்டு மக்க. மூத்தவன் நவநீதன். எளையது பொண்ணு. பொண்ணுக்கு ஈரோட்டுப் பக்கம் நல்ல எடமாப் பாத்து, வெத்தலை பாக்கெல்லாம் மாத்தி முடிச்சாச்சுங். சீலை எடுக்கப் போற வாரத்துல, கோயமுத்தூரு ஆவாரம்பாளையத்துல லேத்துப் பட்டறை வெச்சிருக்கற ஒருத்தனோட போயிட்டா. வேற சாதிங். எங்க சனத்துல அது எப்படியாகும்னு உங்களுக்குச் சொல்லோணுமா? கண்ணாலம் பண்ணிக்கிட்டு, மாலையும் கழுத்துமா வந்து வாசல்ல நின்னாங்க ரெண்டு பேரும். அவரு கட்டல்ல இருந்து எந்திரிச்சாரு. எதுக்கு எந்திரிச்சாருன்னு தெரியாதுங். அடிக்கவோ, கூப்புடவோ. அதுக்குள்ள நா போயிக் கதவைச் சாத்திட்டேன். நேராப் பின்னால கெணத்து மேட்டுக்குப் போயி, கொடம் கொடமா மோந்து தலைக்கு ஊத்திக்கிட்டேன். தலை முழுகியாச்சு. இனி அப்படியொருத்தி இல்லை. பெத்த மனம் பித்து, புள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?

அவரு ஒரு வார்த்தை சொல்லலீங். வேண்டாம்னு சொல்லலை, ஏன்னு கேக்கலை. அப்பச் சம்மதம்னுதான அர்த்தம்?

அதுக்கப்பறந்தான் மகன் கூப்புட்டான்னு அமெரிக்காவுக்குப் போனதும், இந்தச் சுங்கானோட வந்ததும்.

போன வருசம் சோளம் அறுப்புக்கு நிக்கறப்ப நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுப் படுத்தாரு. ஆஸ்பத்திரில, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க. கூட்டிட்டு வந்து அதே கட்டல்லதான் படுக்க வெச்சோம். அன்னைக்குச் சுங்கானை வாயிலிருந்து எடுத்தாருங். எடுத்து, என்ற மூஞ்சியப் பாத்தாரு. எத்தனையோ காலத்துக்கப்பறம் பாத்தாரு. "பாவாத்தா, குழல் ஓட்டையாப் போச்சு"ன்னாரு. நா ஆமாங்கன்னேன். அப்பறம் "அவளை வரச் சொல்லு"ன்னாரு. பொழுது உழுகறதுக்குள்ள போயிட்டாரு.

ரெண்டு கேட்டாருங். ரெண்டுல நம்மளால எது ஆகுமோ அதைத்தான செய்யோணும்? குழலை மாத்தறது ஆகும். அதை மாத்திரலாம்னு அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன்.

அவ வந்தாளா? வந்தாளுங். எழவு ஊட்டுக்கு வர்றவளை யாரு தடுக்கறது? வேலிக்கு அக்கட்டால நின்னா. உள்ள வரலை, யாரும் கூப்புடலை. நா அவளைப் பாக்கலீங். திரும்பியே பாக்கலை. ஒரு சுத்து எளைச்சுப் போயிருந்தா. பச்சையில மொளகாச் செவப்புக் கரை போட்ட சீலை, முந்தானையை வாயில அமுத்திக்கிட்டு நின்னா. செருப்பைக் கழட்டிக் கையில வெச்சிருந்தா, அந்தக் கருவேல முள்ளுக்குள்ள. ஆனா நா பாக்கலீங்.

காரியமெல்லாம் முடிஞ்சு வந்த ஒரம்பரைச் சனமெல்லாம் கெளம்புனாங்க. மகனும் அமெரிக்காவுக்குப் போயிட்டான். ஒரு நா பொழுது எறங்கற நேரம், நா எருமைக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கறேன். டொக், டொக்.

பாருங், இப்பச் சொல்றப்பக் கூட மயிர்க்கூச்சு எடுக்குது. எருமை தண்ணி குடிக்கறதை நிறுத்தித் தலையைத் தூக்குச்சு. கட்டுத்தரையில ஒரு ஈ காக்கா இல்லை. ஆனா புகை வாடை வருதுங். அவரு போடற காரப் புகையிலை வாடை. கட்டலைப் பாத்தேன். மேல யாருமில்லை. ஆனா கயிறு நடுவுல எறங்கியிருந்துச்சுங். ஆளு உக்காந்தா எப்படி எறங்குமோ அப்படி.

பயந்தனான்னு கேட்டா, பயந்தேன். அதுக்கு மேல கோவம் வந்துச்சு. உசுரோட இருந்தப்பவும் ஒரு பேச்சுப் பேசலை, செத்தும் வந்து பேசாம உக்காந்தா என்னங் அர்த்தம்? நா என்ன சொவரா?

அந்த அமாவாசைக்குப் படையல் போட்டேன். எங்கள்ல செத்தவங்களுக்கு என்னென்ன புடிக்குமோ அதையெல்லாம் எலையில வெக்கோணுமுங். பீடி குடிச்சவருன்னா பீடி, சாராயம் குடிச்சவருன்னா சாராயம். கறி வெச்சு, வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு, சுங்கான்ல புகையிலையை அடைச்சு எலையோரமா வெச்சேன். சோத்தை எடுத்து ஓட்டு மேல போட்டுட்டு, கா கான்னு கூப்புட்டேன். ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு. சோத்தைப் பாத்துச்சு. தலையைச் சாய்ச்சு என்னையப் பாத்துச்சு. பறந்து போயிருச்சு. தொடலை தம்பி. ஒரு பருக்கை தொடலை.

அப்பத்தான் புத்தியில பட்டுச்சு. அட கெரகமே, ஓட்டைக் குழலை வெச்சா அவரு எப்படிக் குடிப்பாரு? கோவம் வராம என்ன செய்யும்?

மொதல்ல மூங்கில்ல செஞ்சேன். கூடை பின்றவங்ககிட்ட மெலிசா ஒரு துண்டு வாங்கி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கணுவுல ஓட்டை போட்டு, நானே சொருகினேன். பாக்க லச்சணமாத்தான் இருந்துச்சு. அடுத்த அமாவாசைக்குள்ள வாய்ப்பக்கம் வெடிச்சுப் போச்சு. வெடிச்சதை வாயில வெச்சா ஒதடு கிழியும். காக்கா வரலை.

அப்பறம் கொம்புல சீப்பு செய்யற ஒருத்தருகிட்டப் போயி, எருமைக் கொம்புல ஒண்ணு கடைஞ்சு வாங்கினேன். நல்ல மினுமினுப்பு. ஆனா சூடு ஏறுனா மயிரு பொசுங்கின நாத்தம். என்ற மூக்குக்கே ஆகலை, அவருக்கு எப்படி ஆகும்? காக்கா வந்துச்சு, பக்கத்தூட்டு ஓட்டுல உக்காந்துட்டுப் போயிருச்சு.

மகனுக்குப் போன் போட்டேன். அம்மா அப்பாவை இவ்வளவு நெனைக்கறாங்களேன்னு உருகி, கறுப்பு ரப்பர்க் குழல் ஒண்ணு அனுப்புனான். மையூத்தற பேனா இருக்குதில்லீங், அந்தக் காலத்துது, அந்தச் சாமான்தான். பல்லுக்கு மெத்துனு இருக்கும், வழுக்காது. ஆனா வெயில்ல வெச்சம்னா பழுப்பேறிப் போகும், தீக்குச்சி ஒரசின வாடை அடிக்கும். அது போக, சொருகற முனை நம்ம கட்டைக்குப் பருமனா இருந்துச்சு. உப்புத்தாளை வெச்சுத் தேய்க்கோணும். துளித் துளியாத் தேச்சு, சொருகிச் சொருகிப் பாக்கோணும். அவசரப்பட்டுத் தேச்சீங்கன்னா லொட லொடன்னு ஆடும். கட்டை சூடா இருக்கறப்பத் திருகவே கூடாதுங், காம்போட கையில வந்துரும். நா அவசரக்காரி. ஆடிப் போச்சு.

அடுத்தாப்பல கண்ணாடியாட்டம் ஒண்ணு அனுப்புனான். வளைஞ்சது. வளைஞ்சது எதுக்குன்னா, கட்டையோட பாரம் தாடைக்குக் கீழ தொங்கிக்கும், பல்லை இறுக்கிப் புடிக்க வேண்டியதில்லை. நேர்க்குழல்னா கடிச்சுப் புடிச்சுக்கிட்டே இருக்கோணும். பாவம், இனியாவது கடிக்காம இருக்கட்டும்னு நெனச்சேன். நல்ல கெட்டி, நூறு வருசம் ஒழைக்கும். ஆனா பல்லுல பட்டா கிணுக்குனு சத்தம். இப்ப எங்கிட்டக் கேளுங், எந்த வாய்க்கு எந்தக் குழல் ஆகும்னு நா சொல்றேன். சிரிக்காதீங், நெசமாத்தான்.

எதுக்கும் மசியலை அந்த மனுசன். காக்கா வராது. பொழுது எறங்குனா டொக், டொக். வர வரச் சத்தம் பெருசாச்சுங். சொவத்துல காரை உதுந்துச்சு. ஒரு நா எனக்குத் தாங்கலை. கட்டலுக்கு முன்னால போயி நின்னேன். "இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு? தங்கத்துல செஞ்சு தரட்டுங்களா? வாயைத் தொறந்து சொன்னா என்ன? நானும் ஒரு பொம்பளைதான, எத்தனை நாளைக்கு உங்க 'ம்'மைக் கேட்டுக்கிட்டு இருப்பேன்?" அப்படியே மண்ணுல உக்காந்து அழுதுட்டேன். எருமை பாத்துச்சு.

என்ற கொழுந்தன் ஆறுச்சாமி, அவரோட கூடப் பொறந்தவன், பக்கத்துத் தோட்டம், சத்தங் கேட்டு ஓடியாந்தான். "அண்ணி, குழலா பிரச்சனை?"ன்னான். "பின்ன என்னடா பிரச்சனை?"ன்னேன். "அந்தப் பழைய ஓட்டைக் குழலைக் குடுங்க, அளவு பாத்துச் செஞ்சு வாங்கிட்டு வாறேன்"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான்.

தை அமாவாசைக்கு முந்தின நா கொண்டாந்து குடுத்தான். தம்பி, அது குழலுங். அதே கறுப்பு ரப்பரு, ஆனா பழுக்காத மாதிரி எண்ணெய் போட்டு மெருகேத்தி, கையில புடிச்சா சில்லுனு இருந்துச்சு. அச்சுக் கோடு இல்லை, பிசிறு இல்லை. கட்டைக்குள்ள வெச்சுச் சித்த திருகுனேன், வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி எறங்கி நின்னுக்கிச்சு. ஆடலை, இறுகலை. நேரும் இல்லை, ரொம்ப வளைவும் இல்லை, அவரு தாடைக்குன்னே அளந்து வெச்ச மாதிரி.

அடுத்த நா படையல் போட்டேன். கா கான்னு ஒரு தடவைதான் கூப்புட்டேன். எங்கிருந்துதான் வந்துச்சோ, ஒரு காக்கா உக்காந்து, மறு வாய் எடுக்கறதுக்குள்ள கூட்டமே வந்து எலையைக் காலி பண்ணிருச்சுங். நா கைகூப்பி நின்னேன். கண்ணுல தண்ணி.

அன்னைக்குப் பொழுதோட டொக் டொக் இல்லை. புகை வாடை மட்டும் வந்துச்சு, நல்ல வாடை. கட்டல்ல கயிறு எறங்கி, நெதானமா இருந்துச்சு. நா கீழ, கட்டல் காலுல சாஞ்சு உக்காந்துக்கிட்டேன். ஒண்ணும் பேசலீங். பேசத் தோணலை. அவரும் நானும் ஒட்டுக்கா உக்காந்து எத்தனை வருசமாச்சுன்னு நெனச்சேன். அந்த ஒரு பொழுது போதுமுங் எனக்கு, அப்படி இருந்துச்சு.

அதோட விட்டிருக்கலாம். என்ற கண்ணு சும்மா இருக்குதா?

மறுநா அதைத் தொடைச்சு வெக்கறப்பப் பாக்கறேன், வாயில வெக்கற எடம் ஒருச்சாச்சுச் சரிவா இருக்குது. எடது பக்கம் ஒரு பள்ளம், அரத்தை வெச்சு மெதுமெதுவா ராவின பள்ளம். தம்பி, அவருக்கு எடது கடவாப் பல்லு இல்லை. அதனால எதைக் கடிச்சாலும் ஒருச்சாச்சுத்தான் கடிப்பாரு. அது லேத்துல வராது. ஓட்டைக் குழலைப் பாத்து அளவெடுத்தாலும் வராது. அந்த வாயைத் தெரிஞ்சவங்க செய்யோணும். எனக்குத் தெரியும். இன்னொருத்திக்குத் தெரியும். சின்னதுல அவரு நெஞ்சு மேல ஏறி உக்காந்து, "ஆ காட்டுங்கப்பா"ன்னு வெரலை உட்டுப் பல்லெண்ணினவ.

ஆறுச்சாமியைக் கூப்புட்டேன். கையில பூரிக்கட்டை இருந்துச்சு. அவன் அதைப் பாத்தே ஒத்துக்கிட்டான். "மாப்பிள்ளை கடைஞ்சாரு அண்ணி. வாயிப்பக்கம் அந்தப் புள்ளை தன்ற கையால ராவிக் குடுத்துச்சு. வெளக்கு வெச்சு உக்காந்து, அழுதுக்கிட்டே ராவுச்சு"ன்னான். மாப்பிள்ளையாம். யாருக்கு மாப்பிள்ளை?

நீங்களே சொல்லுங், நாயமா? தலை முழுகினவ கை பட்டதைப் படையல்ல வெக்கலாமா? சட்டுனு திருகிக் கழட்டி, ஆறுச்சாமி கையில திணிச்சேன். "கொண்டு போயி அங்கியே குடுத்துரு, எங்கூட்டுல இது வேண்டாம்"ன்னேன். "அண்ணன் ஏத்துக்கிட்டாரே அண்ணி"ன்னான். "உங்கண்ணனுக்கு என்னடா தெரியும்?"னு கேட்டேன்.

அவன் கொண்டு போயிட்டான். அன்னைக்கிருந்து ஒண்ணுமில்லீங்.

ஒண்ணுமே இல்லை. டொக் டொக் இல்லை, வாடை இல்லை. கட்டல் கயிறு பலகையாட்டம் நிக்குது. மொதல்ல அப்பாடான்னு இருந்துச்சு. போகப் போக, என்னத்தைச் சொல்ல. எருமை கூட அந்தப் பக்கம் திரும்பறதில்லை. அடுத்த அமாவாசைக்குப் படையல் போட்டேன். கண்ணாடிக் குழலை மாட்டி வெச்சேன். காக்கா வந்துச்சுங். தின்னுச்சு. ஆனா அது வெறுங்காக்கா தம்பி. எவ ஊட்டுச் சோறா இருந்தாலும் திங்கும், அந்த மாதிரிக் காக்கா. எனக்குத் தெரியாதா?

அவரு போன அன்னைக்குக் கூட ஊடு இப்படி வெறிச்சுன்னு இருந்ததில்லீங். பொழுது எறங்குற நேரத்துக்கு நா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு தடவை அந்தக் கட்டையை எடுத்து நானே சொவத்துல தட்டிப் பாத்தேன். ச்சே, அந்தச் சத்தம் வரலை.

போன வாரம் ஆறுச்சாமி வந்து, கையைப் பெசைஞ்சுக்கிட்டு நின்னான். என்னடான்னேன். "அண்ணி, ஆவாரம்பாளையத்துல பொழுதோட புகை வாடை வருதாம். அந்த ஊட்டுல யாரும் பீடி சிகரெட்டு தொடறதில்லை. அந்தப் புள்ளை பின்வாசல்ல ஒரு நாற்காலியைப் போட்டு வெச்சிருக்குது. சின்னக் கொழந்தை அந்த நாற்காலிக்கிட்டப் போயி நின்னு சிரிக்குதாம்."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? குழல் போச்சு, பின்னாலயே அவரும் போயிட்டாருங். சொல்லாமக் கொள்ளாம. அத்தனை வருசம் ஆக்கிப் போட்டவ நானு. காலு அமுக்கி உட்டவ நானு. மூங்கிலு, கொம்பு, ரப்பருன்னு ஊரெல்லாம் அலைஞ்சவ நானு. அவ ஒரு குழலை ராவிக் குடுத்தாளாம், அங்க போயி நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாராம். கொழந்தைகிட்டச் சிரிப்பாம். எங்கிட்ட என்னைக்குச் சிரிச்சாரு?

அதான் கெளம்பிட்டேன். நா ஒண்ணும் அவளைப் பாக்கப் போகலீங். அதைத் தெளிவாத் தெரிஞ்சுக்குங். அவரைக் கூட்டிட்டு வரப் போறேன். கட்டை எங்கிட்ட இருக்குது. குழலைக் குடுன்னு வாங்கி, அங்கியே மாட்டி, புகையிலை போட்டுப் பத்த வெச்சுட்டா, புகை போற வழியில அவரும் வந்துதான ஆகோணும்? அணையாமக் கொண்டு வரோணும். பஸ்ஸுல உட மாட்டாங்க, டாக்சி புடிச்சுக்குவேன். இழுக்கோணுமே? இழுத்துப் பழகுனனுங். ரெண்டு நாளாக் கட்டுத்தரையில உக்காந்து இழுத்தேன். கொடலே வெளிய வந்துரும் போல இருமல். பரவால்ல, அவருக்காகத்தான.

பை கனமா இருக்குதுங்களா? காலு கிட்ட வெச்சுக்கறேன், குடுங். கச்சாயம் சுட்டேனுங். அவருக்குத்தான். கொழந்தைகளுக்கா? அங்க கொழந்தைக இருக்கறது எனக்கென்னங் தெரியும்? ரெண்டு. பெருசு பையன், சின்னது பொண்ணு. சின்னது அவரு சாடையாம், நெத்தி அப்படியே. வெல்லம் கம்மியாத்தான் போட்டேன், சின்னதுக்குச் சளி புடிக்குமாம். துணியா? அது ரெண்டு சீலைங். அவரு ஒடனே கெளம்பற ஆளில்லை. எங்க போனாலும் எந்திரிக்கறதுக்கு நேரமாக்குவாரு. ரெண்டு நா ஆனாலும் ஆகும்.

வர மாட்டேன்னுட்டாருன்னா?

அதை நா ரோசிக்கலீங். நீங்க ஏந்தம்பி அப்படியெல்லாங் கேக்கறீங்? வர மாட்டாராமா? அங்க இருக்கறவங்கதான் அவருக்கு வேணுமா, நா வேண்டாமா? நா என்ன பண்ணுனேன்? கதவைச் சாத்தினேன். கதவுன்னா சாத்தறதுக்குத்தான இருக்குது. தெறக்கறவங்க தெறக்க வேண்டியதுதான, அவரு கையென்ன கட்டியா இருந்துச்சு? "பாவாத்தா, தெற"ன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நா தெறந்திருக்க மாட்டனா? சுங்கானைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே ஒழிய, சொன்னாரா? ... ஒண்ணுமில்லீங். கண்ணுல தூசி. சன்னலைச் சித்த சாத்துங்.

உக்கடம் வந்துருச்சா? நீங்க எவத்த எறங்கறீங்? கணபதியா? அட, அப்ப ஆவாரம்பாளையம் தாண்டித்தான போகோணும். சாமியாப் பாத்துத்தான் உங்களைப் பக்கத்துல உக்கார வெச்சிருக்குது. சித்த கூட வாங் தம்பி. எடம் ஆறுச்சாமி சொல்லியிருக்கான், லேத்துப் பட்டறை முன்னால, ஊடு பின்னால. வாசல் கேட்டு வரைக்கும் வந்தாப் போதும், வந்து ஒரே ஒரு ஒவகாரம் பண்ணிக் குடுங்.

என்னன்னா, நா கூப்புட மாட்டேன். கெணத்து மேட்டுல தலைக்கு ஊத்திக்கிட்ட அன்னைக்குச் சத்தியம் பண்ணியிருக்கறனுங், இனி அந்தப் பேரு என்ற வாயில வராதுன்னு. இன்னைக்கு வரைக்கும் வந்ததில்லை. எழவன்னைக்கும் வரலை. மகன்கிட்டக் கூட "அவ"ன்னுதான் சொல்லுவேன். அதனால நீங்கதான் கூப்புடோணும். நா ரோட்டுல நின்னுக்கறேன். அவ வெளிய வந்தான்னா, குழலைக் குடுன்னு நீங்களே கேளுங். அப்பறம் நா பாத்துக்கறேன்.

என்ன? பேரா?

ஆமா, பேரு தெரியாம எப்படிக் கூப்புடுவீங்க. நெசந்தான். அதை நா நெனைக்கலை பாருங்.

இருங், பஸ்ஸு நிக்கட்டும்.

வசந்தாமணிங்.

வசந்தாமணி. சத்தமாக் கூப்புடோணும் தம்பி. அடுப்படியில இருந்தான்னா அவளுக்குக் காதே கேக்காது. நாலு தடவையாவது கத்தோணும், வசந்தாமணீ, ஏ வசந்தாமணீன்னு. அப்பத்தான் ஏனுங்கம்மான்னு வருவா.